17-வது பட்டம் ஏன் இனிக்கவில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஏப்ரல் 22-ஆம் தேதி தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், ஐபிஎல் புள்ளிப்பட்டியலுக்குக் கீழே, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நிறுவனம் நடத்திய ‘ரெஸில்மேனியா 41’ நிகழ்ச்சியைப் பற்றிச் சில வரிச் செய்தி வெளியாகியிருந்தது. ஜான் சீனா 17-வது முறையாக உலக சாம்பியன் பட்டம் வென்று, முன்னாள் வீரர் ரிக் ஃபிளேர் வசமிருந்த 16 பட்டங்கள் என்ற சாதனையை முறியடித்துவிட்டார் என்றும், ரசிகர்கள் இதைக் கொண்டாடி வருகிறார்கள் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. தொழில்முறை மல்யுத்தத்திற்குத் தமிழ் நாளிதழ்களில் இடம் கிடைப்பதே அபூர்வம் என்பதால் முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். செய்தியில் கண்ட எண்ணிக்கையில் பிழை ஏதுமில்லை. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் எங்களுக்குப் பங்கில்லை. சீனாவைப் பள்ளிப் பருவத்திலிருந்து பார்த்து வருகிற, அவர் ஃபிளேரின் சாதனையைச் சமன் செய்த 2017 ஜனவரியிலிருந்து இந்த ஒரு பட்டத்திற்காகவே காத்திருந்த என்னைப் போன்றவர்கள், அது நடந்தேறிய திங்கட்கிழமை காலையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேச்சில்லாமல் கலைந்து போனோம். அதன் காரணத்தை விளக்க, வாசகர் கடிதப் பகுதியில் சற்றுத் தாராளமாக இடம் தர வேண்டுகிறேன்.

‘முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு ஆடுகிற பொய்ச் சண்டைக்கு மகிழ்ச்சி என்ன, ஏமாற்றம் என்ன?’ என்று கேட்கக்கூடிய வாசகர்கள் பலர் இருப்பார்கள். என் வீட்டிலேயே இருக்கிறார்கள். யார் வெல்வார் என்பது எழுதி வைக்கப்பட்டது என்பதை இன்று பத்து வயதுச் சிறுவனும் அறிவான். அந்த நிறுவனமும் அதை மறைப்பதில்லை. விழுகிற உடல் உண்மையானது, முறிகிற எலும்பு உண்மையானது, கதை மட்டுமே புனைவு. கதை புனைவு என்பதாலேயே அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டிய கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. கிரிக்கெட்டில் நமக்குப் பிடித்த அணி தோற்றால் அன்று எதிரணி நன்றாக ஆடியது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே அந்த ஆறுதலுக்கு வழியில்லை. நடப்பது அனைத்தையும் நடத்துகிறவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பதால், சப்பென்று முடிந்தால் அந்தப் பொறுப்பும் அவர்களுடையதே.

தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. அடுத்த மாதம் நரசிம்ம ஜெயந்தி வருகிறது. மெலட்டூரிலும் சாலியமங்கலத்திலும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பிரகலாத சரித்திரம் நடக்கும். இரணியன் சாகப்போகிறான் என்பது தெரியாமலா இரவு முழுவதும் மணலில் உட்கார்ந்திருக்கிறோம்? பாடல்கள் தெலுங்கில் இருப்பதால் பாதிப் பேருக்கு அர்த்தம்கூட விளங்காது. ஆனாலும் விடியும் வேளையில் நரசிம்மர் முகமூடி அணிந்தவர் தூணிலிருந்து வெளிப்படும்போது, அவர் அன்று விரதம் இருந்தவர் என்பதும், ஆவேசம் வந்து பாய்ந்துவிடாமல் இருக்க அவரை நாலு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் கண்ணெதிரே தெரியும்போது, தெரிந்த முடிவுதான் என்ற எண்ணமே எழுவதில்லை. இரணியன் முதல் காட்சியிலிருந்து சேர்த்துவைத்த அகங்காரம் அத்தனைக்கும் அந்த ஒரு நொடியில் கணக்குத் தீர்க்கப்படுகிறது. அந்த முகமூடிக்காரர் அன்றிரவு வராமல் போய், அவருக்குப் பதிலாக விழாவுக்கு வந்திருந்த ஒரு சினிமாப் பாடகரை மேடையேற்றி இரணியனை வதம் செய்ய வைத்தால் நம் ஊர் மக்கள் எப்படி எழுந்து போவார்களோ, அப்படித்தான் ஏப்ரல் 21 காலையில் நாங்கள் எழுந்து போனோம்.

சீனா எங்களுக்கு யார் என்பதைச் சொல்லாமல் இந்த மனக்குறை விளங்காது. டென் ஸ்போர்ட்ஸ் அலைவரிசை கேபிளில் வரத் தொடங்கிய காலத்தில் டெல்டா ஊர்களில் வளர்ந்த பையன்களுக்கு மல்யுத்தம் என்பது பெட்டிக்கடையில் விற்ற சீட்டுக்கட்டிலிருந்து தொடங்கியது. ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று அச்சடித்த அந்தக் கார்டுகளை வகுப்பறையின் கடைசி பெஞ்சில் வைத்து ஆடிப் பிடிபட்டு அடி வாங்காதவர்கள் என் வயதில் குறைவு. அண்டர்டேக்கர் கார்டு கையில் வந்தால் அன்று ராஜயோகம். அந்த வரிசையில் பின்னால் வந்து சேர்ந்தவர் சீனா. 2002 ஜூனில் கர்ட் ஆங்கிளை எதிர்த்து முதன்முதலாகத் தோன்றியவர், 2005 ஏப்ரலில் ஜேபிஎல்லை வீழ்த்தித் தன் முதல் உலகப் பட்டத்தை வென்றார். அரைக்கால் ஜீன்ஸும், பளிச்சென்ற பனியனும், தொப்பியும், முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை ஆட்டும் சைகையுமாக அவர் வந்தபோது மன்னார்குடி, கும்பகோணம் பேருந்து நிலையக் கடைகளில் அதே பச்சை பனியன் அச்சுப்பிசகோடு விற்பனைக்கு வந்தது. 2007-இல் அவர் நம் நாட்டுக் கிரேட் காளியையே பிடிபோட்டுத் தரையைத் தட்டிச் சரணடைய வைத்தபோது எங்கள் தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. நான் சீனா கட்சி. தேசத்துரோகி என்று பெயர் வாங்கியும் கட்சி மாறவில்லை.

அமெரிக்காவில் அவருக்குப் பாதி அரங்கம் வாழ்க என்றும் பாதி அரங்கம் ஒழிக என்றும் ஆண்டுக்கணக்கில் கூச்சலிட்டது. அவரை வில்லனாக மாற்றுங்கள் என்று அங்குள்ள ரசிகர்கள் கேட்காத ஆண்டில்லை. நிறுவனம் மறுத்தே வந்தது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. நோயுற்ற குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் மேக்-எ-விஷ் அமைப்பின் மூலம் 650-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சந்தித்துக் கின்னஸ் சாதனை படைத்தவர் அவர். ‘ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே’ என்ற வாசகத்தைப் பனியனில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக் கட்டிலருகே நிற்கிறவர், மறுநாள் மேடையில் ஒருவரை முதுகில் குத்துவது பொருந்தாது என்று நினைத்தார்கள். 2003-இன் இறுதியில் நல்லவராக மாறியவர், 21 ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே இருந்தார்.

அத்தனை ஆண்டுகள் பூட்டி வைத்திருந்த அந்த மாற்றத்தை 2025 மார்ச் 1-ஆம் தேதி டொராண்டோவில் கட்டவிழ்த்துவிட்டார்கள். அந்தக் காட்சியில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ‘உன் ஆன்மாவை எனக்குக் கொடு, உனக்கு எல்லாவற்றையும் தருகிறேன்’ என்று முன்னாள் சாம்பியன் தி ராக் பேரம் பேச, சாம்பியன் கோடி ரோட்ஸ் அதை மறுக்கிறார். அன்றுதான் கூண்டுக்குள் ஆறு பேர் மோதும் எலிமினேஷன் சேம்பர் போட்டியில் வென்று ரெஸில்மேனியாவில் கோடியோடு மோதும் உரிமையைப் பெற்றிருந்த சீனா, கோடியைக் கட்டியணைத்துப் பாராட்டுகிறார். தழுவிய நிலையிலேயே சீனாவின் பார்வை ராக்கின் பக்கம் திரும்புகிறது. ராக் தன் கட்டைவிரலைக் கழுத்தின் குறுக்கே இழுத்துக் காட்டுகிறார். சீனாவின் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரு நொடியில் வற்றிப்போகிறது. அதற்குப் பிறகு சீனா கோடியை அடித்த அடிகளைவிட அந்த முக மாற்றம்தான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. 1996 ஜூலையில் ஹல்க் ஹோகன் கெட்டவராக மாறிய நிகழ்ச்சியோடு இதை ஒப்பிட்டுப் பேசாத மல்யுத்த ரசிகர் இல்லை. இதே ராக்கும் அதே ஹோகனும் 2002-இல் மோதியதும் இந்த அரங்கில்தான் என்பது கூடுதல் பொருத்தம். ஏழு வாரம் கழித்து வரவிருந்த ரெஸில்மேனியாவை எண்ணி அன்றே நாங்கள் நாள் எண்ணத் தொடங்கிவிட்டோம்.

ஹோகன் ஏன் மாறினார் என்பதும், யாரோடு சேர்ந்தார் என்பதும், சேர்ந்து என்ன செய்யப் போகிறார்கள் என்பதும் மாறிய அன்றிரவே பார்வையாளர்களுக்கு விளங்கின. அடுத்து வந்த மாதங்கள் முழுவதும் அந்தக் கூட்டணி வாரந்தோறும் வந்து வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. சீனாவின் மாற்றத்திற்குப் பிறகு நடந்தது வேறு. மார்ச் மாதம் ஐரோப்பிய நகரங்களில் நடந்த நிகழ்ச்சிகளில் அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, இத்தனை ஆண்டுகளாகத் தன்னைப் பார்வையாளர்கள் நடத்திய விதமே தன்னை மாற்றியது என்றும், பட்டத்தை வென்று அதோடு ஓய்வு பெற்று மல்யுத்தத்தையே பாழாக்கப் போவதாகவும் பேசினார். பேச்சு அருமையாகத்தான் இருந்தது. ஆனால் ராக்கின் பெயரோ, ராக்கோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தமோ அந்தப் பேச்சில் எங்கும் கதையின் நடுவே வந்து நிற்கவில்லை. ஆன்மாவை விற்றார் சரி, விலை என்ன, வாங்கியவர் எங்கே என்று ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கொண்டே இருந்தோம். கடைசி நாளில் வருவார், அதற்காகத்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

இனி அந்தக் காலை நேரத்திற்கு வருகிறேன். இந்திய நேரப்படி விடியற்காலை 4.30 மணிக்கு நிகழ்ச்சி தொடக்கம். 2025 ஏப்ரல் மாதம் முதல் இந்தியாவில் இந்த நிகழ்ச்சிகள் நெட்ஃபிளிக்ஸ் தளத்திற்கு மாறிவிட்டதால், கேபிள் இணைப்பில் பார்த்துப் பழகிய எங்கள் பகுதி ரசிகர்கள் பலருக்கு இதுவே முதல் இடைஞ்சல். 149 ரூபாய்த் திட்டத்தில் கைப்பேசி போன்ற சிறு திரையில்தான் பார்க்க முடிந்தது என்பதால், பெரிய இணைப்பு வைத்திருந்த நண்பர் ஒருவரின் வீட்டில் கூடினோம். ஞாயிற்றுக்கிழமை முதல் நாள் நிகழ்ச்சி. திங்கட்கிழமை இரண்டாம் நாள். முதல் நாளில் ரோமன் ரெய்ன்ஸ், சிஎம் பங்க், சேத் ராலின்ஸ் மூவரும் மோதிய இறுதிப் போட்டியில் மேலாளராக வரும் பால் ஹேமன் இருவரையும் அடுத்தடுத்துக் காட்டிக்கொடுத்து மூன்றாமவரான ராலின்ஸின் பக்கம் சாய்ந்ததைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் நாளை என்னவெல்லாம் செய்வார்களோ என்று பேசிக்கொண்டே வீடு திரும்பினோம்.

இரண்டாம் நாளின் முதல் போட்டியும் அருமை. பியான்கா பெலேர், ரியா ரிப்ளி என்ற இருவரின் பகையாகவே வாரக்கணக்கில் காட்டப்பட்ட கதையில், சாம்பியனாக இருந்தும் ஓரத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானிய வீராங்கனை இயோ ஸ்கை, மேல்கயிற்றிலிருந்து பின்புறமாகச் சுழன்று விழுந்து இருவரையும் மிஞ்சிப் பட்டத்தைத் தக்கவைத்தார். அவரை யாரும் முன்னிறுத்தவில்லை. அவராகவே முன்னால் வந்து நின்றார். ஒட்டுமொத்த இரண்டு நாளில் எது சிறந்த போட்டி என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். தங்கள் செய்தியில் இயோ ஸ்கையின் பெயர் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நடுவில் வந்த போட்டிகளில் சில சுமார், சில பரவாயில்லை. கழுத்துக் காயத்தால் கெவின் ஓவன்ஸ் விலக நேர்ந்ததால் ராண்டி ஆர்ட்டனுக்கு எதிராக ஜோ ஹென்ட்ரியை இறக்கியது, கிடைத்ததை வைத்துச் சமாளித்த வேலை. அதில் குறை சொல்ல ஏதுமில்லை.

பொழுது நன்றாக ஏறிய பிறகு கோடியும் சீனாவும் வந்தார்கள். ஏறத்தாழ 25 நிமிடம் நடந்த போட்டியில் முக்கால்வாசி நேரம் மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கி நகர்ந்தது. 48 வயதை எட்ட மூன்று நாளே இருந்த சீனாவின் வேகத்தை நான் குறை கூற மாட்டேன். வயது எல்லோருக்கும் வருவது. ஆனால் வேகம் குறைந்த உடலுக்கு ஏற்றபடி வன்மத்தை அல்லவா கூட்டியிருக்க வேண்டும்? மல்யுத்தத்தையே பாழாக்குவேன் என்று சபதம் செய்தவர், பழைய சீனா செய்த அதே பிடிகளையும் அதே வீச்சுகளையும் சற்றுச் சிடுசிடுத்த முகத்தோடு செய்துகொண்டிருந்தார். அரங்கில் இருந்தவர்களில் பலர் வழக்கம்போல அவருக்கே கைதட்டினார்கள். வில்லனாகி ஏழு வாரமான ஒருவரைப் பார்த்து அரங்கம் கைதட்டினால், கதை அந்த மக்களிடம் போய்ச் சேரவில்லை என்றே பொருள்.

முடிவு நெருங்கும் நேரத்தில் வெளியிலிருந்து யாரோ வரும் சத்தம் கேட்டது. எங்கள் அறையில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ராக் வந்துவிட்டார் என்றே நினைத்தோம். வந்தவர் டிராவிஸ் ஸ்காட். அவர் ராப் பாடகர். டொராண்டோவில் ராக்கோடு கூட நின்று கோடியை அறைந்தவர் என்ற ஒரு தொடர்பைத் தவிர அவருக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாவகாசமாக நடந்து வந்து குறுக்கிட்டார், கோடியிடம் அடி வாங்கினார், முடிந்தது அவர் வேலை. பிறகு சாம்பியன் பெல்ட்டைக் கையில் எடுத்த கோடி, மண்டியிட்டிருந்த சீனாவை அதனால் அடிக்க மனம் வராமல் தயங்கி நின்றார். அந்தத் தயக்கம் ஒன்றுதான் அந்தப் போட்டியில் உயிருள்ள இடம். நடுவர் காணாத நேரத்தில் சீனா இடுப்புக்குக் கீழே ஓர் அடி கொடுத்து, அதே பெல்ட்டால் கோடியின் முகத்தில் அடித்து, தோள்களைத் தரையில் அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. 17-வது பட்டம். ராக் வரவே இல்லை.

வெளியாட்கள் குறுக்கிடுவதையே நான் எதிர்ப்பதாக யாரும் எண்ண வேண்டாம். 2024 ஏப்ரல் 7-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ரெஸில்மேனியாவின் இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். 1,316 நாட்கள் சாம்பியனாக இருந்த ரோமன் ரெய்ன்ஸைக் கோடி வீழ்த்திய அந்தப் போட்டியில் உள்ளே புகுந்தவர்களை எண்ணினால் ஒரு கை விரல் போதாது. உசோ சகோதரர்கள் வந்தார்கள், சோலோ சிகோவா வந்தார், இதே சீனா வந்தார், இதே ராக் வந்தார், விளக்கெல்லாம் அணைந்து எரிந்தபோது அண்டர்டேக்கர் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் நாங்கள் கூரை பிய்ந்துபோகும் அளவுக்குக் கத்தினோம். ஏனென்றால் வந்த ஒவ்வொருவரும் ஒரு பழைய பாக்கியை வசூலிக்க வந்தார்கள். அதில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். ராலின்ஸ், ரெய்ன்ஸும் தானும் இன்னொருவரும் மூவர் குழுவாக இருந்த காலத்துக் கறுப்பு உடையில் வந்து விழுந்து கிடக்கிறார். ரெய்ன்ஸின் கையில் நாற்காலி. எதிரே அடிப்பதற்குக் கோடி இருக்கிறார். அவரை அடித்தால் பட்டம் தப்பும். ஆனால் 2014-இல் இதே ராலின்ஸ் தன் முதுகில் நாற்காலியால் அடித்துக் குழுவை உடைத்தது நினைவுக்கு வர, ரெய்ன்ஸ் கோடியை விட்டுவிட்டு ராலின்ஸின் முதுகில் ஓங்கி அடிக்கிறார். பத்து ஆண்டு வஞ்சத்தை அடக்க முடியாத அந்த ஒரு நொடியில் பட்டம் கைநழுவிப் போகிறது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பார்த்தவர்களுக்கெல்லாம் விளங்கியது. ஓராண்டுக்கு முன் இப்படி எழுதத் தெரிந்தவர்கள்தான் இந்த ஆண்டும் எழுதினார்கள் என்பதால்தான் எங்கள் ஏமாற்றம் பெரிதாக இருக்கிறது. தெரியாதவன் செய்த பிழையை மன்னிக்கலாம்.

ராக் ஏன் வரவில்லை என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அவர் இன்று வெறும் மல்யுத்த வீரரல்லர், ஹாலிவுட் நடிகர். அதற்கு மேலாக, 2024 ஜனவரி முதல் இந்த நிறுவனத்தின் தாய் நிறுவனமான டிகேஓ-வின் இயக்குநர் குழுவிலும் இருக்கிறார். வர முடியாது என்றால் வர முடியாதுதான். அப்படியானால் மார்ச் முதல் தேதியன்று ஆன்மா, பேரம், ஒப்பந்தம் என்று பந்தி விரித்திருக்கக் கூடாது. விரித்த பிறகு அவர் வரப்போவதில்லை என்பது தெரிந்திருந்தால், ஏழு வாரம் என்பது கதையை வேறு பக்கம் திருப்பப் போதுமான கால அவகாசம். சீனாவே ராக்கை ஏமாற்றிவிட்டார் என்று திருப்பியிருக்கலாம். கோடிக்கு வேறொரு நெருங்கிய நண்பர் துரோகம் செய்தார் என்று காட்டியிருக்கலாம். இலையைப் போட்டு உட்கார வைத்துவிட்டுப் பரிமாற ஆளில்லை என்று சொல்லாமல், எதுவுமே நடக்காதது போல அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

‘வில்லன் சூழ்ச்சியால் வென்றால் ரசிகர்களுக்குக் கசக்கத்தானே செய்யும், உங்களுக்குக் கசந்தது என்றால் அவர்கள் நினைத்ததைச் சாதித்துவிட்டார்கள்’ என்று என் மைத்துனர் வாதிட்டார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான். ஆனால் எங்களுக்குக் கோபம் வரவில்லையே! 2014-இல் அண்டர்டேக்கரின் 21 தொடர் ரெஸில்மேனியா வெற்றிகளை பிராக் லெஸ்னர் முடித்து வைத்த அன்று எங்கள் ஊரில் சாப்பிடாமல் படுத்தவர்கள் உண்டு. ‘இனிமேல் இந்தக் கருமத்தைப் பார்க்கவே மாட்டேன்’ என்று சபதம் செய்தவர்கள் உண்டு. (அடுத்த வாரமே பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.) அது கசப்பு. அந்தக் கசப்பு கதை சொல்கிறவர்களின் வெற்றி. இந்தத் திங்கட்கிழமை எங்களிடம் இருந்ததோ ஒருவிதச் சலிப்பு மட்டுமே. சீனா கெட்டவராக வென்றார் என்று கொதிக்கவும் முடியவில்லை, அவருடைய வாழ்நாள் சாதனை நிறைவேறியது என்று மகிழவும் முடியவில்லை. எட்டு ஆண்டு காத்திருந்த ஒரு கணம் உப்புமில்லாமல் உறைப்புமில்லாமல் தொண்டைக்குள் இறங்கிப்போனது. அன்று காலை என் உரக்கடைக்குப் பருத்திக்கு மருந்து வாங்க வந்த ஓர் இளைஞர், “என்னண்ணே, உங்க ஆளு ஜெயிச்சிட்டாராமே, கல்கண்டு கிடையாதா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தேன்; அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

கோடி ரோட்ஸுக்கு நேர்ந்ததும் இதில் சேர்த்தி. பெரும் புகழ் பெற்றும் இந்த நிறுவனத்தின் தலைமைப் பட்டத்தை ஒருமுறைகூட வெல்லாமலே மறைந்துபோன தன் தந்தை டஸ்டி ரோட்ஸின் குறையைத் தீர்க்க வந்தவர் அவர். 2016-இல் நிறுவனத்தை விட்டு வெளியேறி, 2022-இல் திரும்பி வந்து, இரண்டு ஆண்டு போராடி அந்தப் பட்டத்தை வென்றார். ஓராண்டுக் காலம் அதைத் தாங்கியவரிடமிருந்து அது பறிபோகும்போது அவருடைய இழப்பாவது பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அடிக்கத் தயங்கிய அந்த ஒரு நொடியைத் தவிர அந்த 25 நிமிடத்தில் அவர் யார் என்பதே காணாமல் போயிருந்தது. ஒருவருடைய சாதனைக்காக இன்னொருவருடைய கதையைப் பலிகொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான்; பலி கொடுத்தும் சாதனை சிறக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பகுதி ரசிகர்களை இந்தத் தொழில் பெரிதாகப் பொருட்படுத்துகிறது என்ற மயக்கம் எங்களுக்கு இல்லை. 2023 செப்டம்பரில் ஹைதராபாத்தில் நடந்த நிகழ்ச்சியில் சீனா வந்து ராலின்ஸோடு இணைந்து சண்டையிட்டபோது, எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேர் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்கள் எடுத்து வந்த நடுங்கும் வீடியோவை இன்றும் கல்யாண வீடுகளில் கேட்டு வாங்கிப் பார்க்கிறோம். அன்று அது போட்டி என்ற அளவில் சாதாரணமானதுதான். தோற்கப் போகிறவர்கள் யார் என்பது நிகழ்ச்சி அறிவித்தபோதே தெரியும். ஆனால் அதில் யாருக்கும் யாரும் எதையும் வாக்களித்து ஏமாற்றவில்லை. சீனா வந்தார், கையை ஆட்டினார், வென்றார், அரங்கம் அதிர்ந்தது. எளிமையாகச் சொன்னதை எளிமையாகவே முடித்தார்கள். லாஸ் வேகாஸில் பெரிதாகத் தொடங்கியதைச் சிறிதாக முடித்தார்கள்.

சீனா 2025 டிசம்பரோடு ஓய்வு பெறுகிறார் என்பதை 2024 ஜூலையிலேயே அறிவித்துவிட்டார். ஆகவே இதை எழுதும்போது இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. பட்டம் அவர் கையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன் என்ற மிரட்டலும் நிலுவையில் இருக்கிறது. கோடிக்குத் தீர்க்க வேண்டிய கணக்கும் இருக்கிறது. அந்தப் பேரம் என்னவாயிற்று என்பதற்கு, ராக் வந்தாலும் வராவிட்டாலும், சீனாவின் வாயிலிருந்தாவது ஒரு பதில் வந்தாக வேண்டும். அதற்குள் அவர் மீண்டும் நல்லவராக மாறி, எல்லாம் மறந்துபோனதாகக் கைகுலுக்கிக்கொண்டு விடைபெறுவார் என்று எங்கள் நண்பர் ஒருவர் ஆரூடம் சொல்லியிருக்கிறார். அப்படி நடந்தால் டொராண்டோவில் நாங்கள் அதிர்ந்ததற்கே பொருளில்லாமல் போகும்.

தங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டிசம்பரில் அவருடைய கடைசிப் போட்டி நடக்கும்போது தங்கள் நாளிதழ் நிச்சயம் செய்தி வெளியிடும். அப்போது எத்தனை பட்டம், எத்தனை ஆண்டு என்ற எண்களோடு நிறுத்திவிடாமல், போட்டியை நேரலையில் உட்கார்ந்து முழுவதுமாகப் பார்த்த ஒருவரைக் கொண்டு அரைப் பக்கமாவது எழுத வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இசை விழாவுக்கும் நாடகத்துக்கும் தாங்கள் விமர்சனம் வெளியிடுகிறீர்கள். அந்த மரியாதை இதற்கும் பொருந்தும். விடியற்காலை எழுந்து பார்க்க ஆள் கிடைக்காவிட்டால் எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பேரை அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாளைய வாசகர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.